திரையில் மூன்று வினாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது எங்கள் வீட்டு டிவி கண்ணாடியின் மேல் பதிந்திருந்த ஓர் உள்ளங்கை. செக்கிங் அக்காவின் கை அது. தினம் பத்து மணி நேரம் பனியன்களைத் தடவித் தடவி ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று பிழை தேடும் கை. முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். முறம் கவிழ்ந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போய், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோலத் திரையில் கையை வைத்தார். அதற்குள் காட்சி மாறிவிட்டது. அவர் விரல்களுக்கு நடுவே ஒரு பாலமும் அதன்மேல் ஓடும் காரும் தெரிந்தன.

"அவுகதான்," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

திருப்பூரில் எங்கள் காம்பவுண்டில் எதிரும் புதிருமாகப் பத்து வீடுகள். நானும் அம்மாவும் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்து முதல் வீட்டில் இருந்தோம். அக்கா கோவில்பட்டிக்காரர், ஒரே மகளோடு கடைசி வீட்டில் இருந்தார். நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். எனக்கு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால், அவருக்குச் செக்கிங் மேசையில். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் ஹிந்தியும் தெரிந்ததால் காம்பவுண்டுக்கு வரும் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று ஓடிக்கொண்டிருந்தது ஒரு டெலிஃபிலிம். நோயில் விழுந்த ஒரு தகப்பன், தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பழைய அம்பாசடர் காரில் ஏற்றிக்கொண்டு, பனியைக் காட்டுவதற்காகக் கன்னியாகுமரியிலிருந்து இமயமலைக்குப் போகிறான். வழியெல்லாம் கார் நிற்கிறது. வழியெல்லாம் யாராவது உதவுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஓர் இடத்தில் டயர் வெடிக்கிறது. சாலையோரப் பஞ்சர் கடையிலிருந்து தலையில் துண்டு கட்டிய, தாடி வைத்த ஒருவர் வந்து சக்கரத்தை மாற்றுகிறார். வசனம் எதுவும் இல்லை. நட்டுகளை இறுக்கி முடித்ததும் எழுந்து, மாட்டின் முதுகைத் தட்டுவதுபோலச் சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பி ஒருமுறை பார்க்கிறார். மூன்று வினாடி இருக்கும். அந்த இரண்டு தட்டில்தான் அக்கா எழுந்தார். கம்பெனி வேனை ஓட்டியபோது ஒவ்வொரு நாளும் காலையில் அவருடைய வீட்டுக்காரர் அப்படித் தட்டிவிட்டுத்தான் ஏறுவார். நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

அவரை நாங்கள் வேன் அண்ணன் என்போம். முதலில் லூதியானா வரைக்கும் லாரி ஓட்டியவர். மகள் பிறந்த பிறகு அதை விட்டுவிட்டுக் கம்பெனி வேனுக்கு வந்தார். சாமளாபுரம், பல்லடம் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றி வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுவது வேலை. நான்கு வருடங்களுக்கு முன்பு, தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், பல்லடம் சாலையில் அந்த வேனின் முன்சக்கரம் வெடித்து வண்டி உருண்டது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி எங்கள் காம்பவுண்டின் மூன்றாவது வீட்டுப் பெண். கல்யாணம் நிச்சயமாகியிருந்தவள். அன்று பல்லடத்தில் மாமா வீட்டுக்குப் போவதற்காக வேனில் ஏறியிருந்தாள். டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அண்ணன் இரண்டு முறை கேட்டிருந்தார். அடுத்த வாரம் மாற்றலாம் என்று கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார்கள்.

அண்ணனுக்குத் தோள்பட்டையில் மட்டும் அடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர், உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா அழும் சத்தம் கேட்டதும், "டீ குடிச்சிட்டு வாரேன்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். திரும்பி வரவில்லை. போலீஸ் ஒரு வருடம் வந்து கேட்டது; பிறகு வருவதை நிறுத்திக்கொண்டது. பழைய லாரிக்காரர் ஒருவர் நாக்பூர் பக்கம் அவரைப் போலவே ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார். பழகிய பாதை, வடக்கேதான் போயிருப்பார் என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

அக்கா காம்பவுண்டை விட்டுப் போகவில்லை. ஊரிலிருந்து அவருடைய அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள். "அவுக வந்தா இங்கதான் வருவாக. பூட்டிக் கெடந்தா எங்க போவாக?" என்று மறுத்துவிட்டார். மகளை இழந்த மூன்றாவது வீட்டு அம்மாவோடு ஒரே குழாயில் நான்கு வருடம் தண்ணீர் பிடித்தார். அந்த அம்மா இவரை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அவர் குடம் வைத்திருந்தால் அக்கா தள்ளி நிற்பார். குடம் நிறைந்து அவர் போன பிறகுதான் குழாய்க்கு வருவார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று ஒருமுறை அக்கா என்னிடம் சொன்னார்.

டிவியில் கை வைத்த அந்த மதியம் மூன்றாவது வீட்டு அம்மாவும் எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவுகதான்" என்ற சொல்லைக் கேட்டதும் நடந்து போய்விட்டார்.

படம் முடியும்வரை அக்கா கண்ணிமைக்காமல் பார்த்தார். மறுபடி அந்த மனிதர் வரவில்லை. கடைசியில் அந்தக் குடும்பம் பனியில் நிற்க, எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. "பாப்பா, படி, படி," என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். இயக்குநர் பெயரை மட்டும்தான் எழுதிக்கொள்ள முடிந்தது.

அடுத்த ஆறு வாரங்கள் அக்கா இருந்ததுபோல அதற்கு முன்போ பின்போ நான் அவரைப் பார்த்ததில்லை. சாப்பாட்டை மறந்தார். மேசையில் கறைபட்ட பீஸ்களை நல்லதோடு சேர்த்து அடுக்கி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார். அந்தப் படத்தை மறுபடி போடுவார்களோ என்று, வேலையில்லாத நேரமெல்லாம் எங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு எந்தப் படத்தையும் கையிலேயே நிறுத்திப் பார்க்கலாம், பின்னால் தள்ளலாம். அன்று திரையில் போனது போனதுதான். நாள் ஆக ஆக அந்த முகம் தன் நினைவில் கலைகிறது என்று அக்கா பயந்தார். "தாடி இருந்துச்சா, வெறும் மீசைதானா? சொல்லு பாப்பா, நீயும் பாத்தேல்ல?" என்று கேட்பார். நான் சரியாகப் பார்க்கவில்லை. இருந்தும் தாடி இருந்தது என்று சொன்னேன்.

டிவிக்காரர்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் இன்னொருவரிடம். கடைசியில் ஒரு பெண் மனமிரங்கி, இயக்குநரின் ஆபீஸ் வடபழனியில் இருப்பதாகச் சொல்லித் தெருவின் பெயரையும் கொடுத்தார். அந்தச் சீட்டை அக்காவிடம் நீட்டியபோது என் கால் தரையில் இல்லை. ஒரு தொலைந்த மனிதரை நானே கண்டுபிடித்துக் கொடுக்கப்போகிறேன் என்ற நினைப்பு. இன்று அதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அவருடைய தவிப்பில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், மூன்றாவது வீட்டு அம்மா அக்காவின் வாசலுக்கு வந்தார். நான் உள்ளே பைக்குள் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர். கதவைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "பாத்தீங்கன்னா வரச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேனுங்க," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். அக்கா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நான்கு வருடமாகக் காத்திருந்த சொல் அது. அதை அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு அவருடைய ஒரே நினைப்பு.

இயக்குநர் நல்ல மனிதர். மாடியில் ஒரு சின்ன அறை. எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். துண்டு, தாடி, இறங்கிய இடது தோள். முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. குனிந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். "இன்னொருக்கா," என்றார். அவர் பின்னால் தள்ளிப் போட்டார். சக்கரத்தில் இரண்டு தட்டு. திரும்பிப் பார்ப்பது. "இன்னொருக்கா." எட்டு முறையோ பத்து முறையோ பார்த்திருப்போம். பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது மத்தியப் பிரதேசத்துல எந்த ஊருங்க சார்? ரயில் போகுமா?"

இயக்குநர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடித் திறந்தார். "அம்மா, உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. எங்களுக்கு அவ்வளவு தூரம் எல்லாரையும் கூட்டிட்டுப் போக வசதி கெடையாது. கேமராமேன் மட்டும் வடக்க போய் ரோடும் மலையும் எடுத்துட்டு வந்தாரு. ஆளுங்க வர்ற சீன் எல்லாம் இங்கதான் எடுத்தோம். பனி கொடைக்கானல்ல செட் போட்டது. இந்த எடம் தாராபுரம் ரோடு. குண்டடம் தாண்டி. ஹிந்தி போர்டு நாங்க எழுதி மாட்டினது."

பிறகு, பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அந்தப் பஞ்சர் கடைக்காரர் நடிக்க மாட்டேன் என்றுதான் சொன்னார், தூரத்தில் இருந்துதான் எடுப்போம், முகம் தெரியாது என்று சொல்லி நிற்கவைத்தோம், எடிட்டிங்கில் அந்தப் பார்வை நன்றாக இருந்ததால் வைத்துவிட்டோம் என்றார். நான் திரையைப் பார்த்தேன். மத்தியப் பிரதேசத்தின் ஓரத்தில், காருக்குப் பின்னால், காங்கேயம் மாடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நான் பிறந்து வளர்ந்த பக்கம். எனக்கே தெரியாமல் போயிற்று.

திரும்பும் ரயிலில் அக்கா ஈரோடு தாண்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தாராபுரத்துக்குப் பஸ்ஸு எம்புட்டு நேரம் பாப்பா?"

"ஒன்றரை மணி நேரம் ஆகுங்க்கா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே போனோம். காற்றாலைகள் சுற்றும் அந்தப் பொட்டல் சாலையில் கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டுப் போனார். ஓலைச்சாய்ப்பு, டீக்கடை, பக்கத்தில் டயர்கள் அடுக்கிய பஞ்சர் கடை. வேப்பமரத்தில் ஹிந்தி போர்டு மாட்ட ஆணி அடித்த தடம் இன்னும் இருந்தது. கடைக்காரர் அறுபது வயதுப் பெரியவர். அக்காவைப் பார்த்ததுமே யாரென்று புரிந்துகொண்டதுபோலப் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"இங்கதானுங்க இருந்தாரு. மூணு வருசத்துக்கு மேல இருக்குமுங்க. பேச்சு கம்மி. கை சுத்தமானவரு. படம் புடிக்கிறவங்க வந்தப்பவே வேண்டாம்னுதானுங்க சொன்னாரு. நாந்தான், சும்மா நில்லுங்கன்னு சொன்னனுங்க."

"இப்ப எங்கங்க?" என்று நான் கேட்டேன்.

"அந்தப் படம் டிவில வந்துதுங்களே, அன்னிக்கு இங்க எல்லாரும் உக்காந்து பாத்தமுங்க. இவரு மூஞ்சி வந்ததும் பசங்கெல்லாம் கைதட்டினாங்க. இவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அடுத்த நாள் காலைல நான் கடை தொறக்க வர்றப்ப ஆளில்லீங்க. மாத்துத்துணிகூட எடுத்துட்டுப் போகலீங்க."

அண்ணனுடைய லுங்கியும் ஒரு சட்டையும் சாய்ப்புக்குள் கம்பியில் தொங்கின. அக்கா எழுந்து போய் அந்தச் சட்டையைத் தொட்டார். எடுக்கவில்லை. பெரியவர் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். போன வருடம் ஒரு நாள் அண்ணன் திருப்பூர் போய்விட்டு வந்தாராம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய் மகளைப் பார்த்தேன், என்னைத் தாண்டித்தான் போனாள், அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்றாராம். அதன்பிறகு இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம்.

அதுவரை நிமிர்ந்து நின்ற அக்கா அப்போதுதான் உடைந்தார். அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அடிபட்டவர் மூச்சுக்குத் திணறுவதுபோல ஒரு சத்தம். பெரியவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பும் பஸ்ஸில் அக்கா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"வடக்க எங்கயோ இருக்காகன்னு நெனச்சப்ப மனசுக்கு ஒரு பிடி இருந்துச்சு பாப்பா. வர வழி தெரியாம, பாஷை தெரியாம கெடக்காகன்னு நெனச்சேன். ஒன்றரை மணி நேரப் பஸ்ஸுல இருந்திருக்காக. டிவில பாத்துட்டு நான் வந்துருவேன்னு தெரிஞ்சுதான் ஓடியிருக்காக. அந்த அம்மா சொன்ன வார்த்தைய நான் எங்க கொண்டுபோய்க் குடுக்க? இதுக்கு மேல நான் போனா அது தேடுறது இல்ல. தொரத்துறது."

மகளுக்கு அந்த வருடப் பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்ததும் அக்கா வீட்டைக் காலி செய்தார். நான்கு வருடம் ஒருவருக்காகத் திறந்து வைத்திருந்த வீடு. ஊரில் அண்ணன்மார் வீட்டுப் பக்கம் போகாமல், அவர்களுக்கும் சரியாகச் சொல்லாமல், வேறோர் ஊருக்குப் போனார். பி.எஃப். பாரத்தில் விலாசம் எழுத வேண்டியிருந்ததால் எனக்கு மட்டும் அது தெரியும். கூடவே பக்கத்துக் கடையின் போன் நம்பர். "நீ மட்டும் வச்சுக்கோ. யாரு வந்து கேட்டாலும் குடுக்காத," என்றார்.

"யாருன்னா, அண்ணன் வந்தா?"

அக்கா வாசலில் ஏற்றிக்கொண்டிருந்த சாமான்களைப் பார்த்தபடி சொன்னார். "யாரு வந்தாலும்தான். எம் புள்ள இன்னொருக்கா அப்பனத் தொலச்சிட்டு நிக்கக் கூடாது பாப்பா."

ஒன்றரை வருடம் கழித்து, ஷிப்மென்ட் நெருக்கடியில் நாங்கள் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பகல். வாட்ச்மேன் வந்து, செக்கிங்கில் முன்பு இருந்த அம்மாவைக் கேட்டு யாரோ வந்திருப்பதாகச் சொன்னார். கம்பெனி கேட்டுக்கு வெளியே வேன் அண்ணன் நின்றிருந்தார். தாடி இல்லை. நன்றாக மெலிந்திருந்தார். இடது தோள் இறங்கியிருந்தது. காம்பவுண்டுக்குப் போனேன், வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்றார். ஆறு வருடமாக அந்தக் காம்பவுண்டுக்கு வரத் துணியாத மனிதர், வந்த அன்று அந்த வீட்டில் வேறு யாரோ.

நான் முதலில் மூன்றாவது வீட்டு அம்மா சொன்னதைச் சொன்னேன். "ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொன்னாங்கண்ணா. வரச் சொன்னாங்க." அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். பிறகு, "அவளும் புள்ளையும் எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

விலாசம் என் மேசை டிராயரில் இருந்தது. இருபது அடி தூரம்.

"தெரியலீங்கண்ணா," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மறுபடி கேட்கவில்லை. "சரிம்மா. வேலையப் பாரு," என்றார். உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட என்னால் உட்கார முடியவில்லை. வெளியே டெலிபோன் பூத்துக்குப் போய் அந்தக் கடை நம்பருக்குப் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டு வரப் பத்து நிமிடம் ஆயிற்று. சொன்னேன்.

"வெலாசம் குடுத்தியா?"

"குடுக்கலக்கா. நீங்க சொன்னீங்கல்ல."

"ம்." பிறகு, "அந்த அம்மா சொன்னதச் சொன்னியா?"

"சொன்னேங்க்கா."

"மெலிஞ்சிருந்தாகளா?"

"ஆமாங்க்கா."

அதற்குப் பிறகு வந்த கேள்விக்காக அவர் வெகுநேரம் தன்னோடு போராடியிருக்க வேண்டும். குரல் அவருடையதுபோலவே இல்லை.

"எந்தப் பக்கம் போனாக பாப்பா?"

நான் பார்க்கவில்லை. அதையும் சொன்னேன். அவர் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. அண்ணனைப் பற்றி அதன்பிறகு எங்கள் யாருக்கும் எந்தத் தகவலும் வரவில்லை. மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. அக்காவோடு நான் இப்போதும் பேசுகிறேன். அன்று அவர் கேட்ட கேள்வியை இருவரும் ஒருமுறைகூட எடுத்ததில்லை. அந்தக் கம்பெனி வாசலிலிருந்து இடப்பக்கம் நடந்தால் பஸ் ஸ்டாண்ட், வலப்பக்கம் நடந்தால் ரயில்வே ஸ்டேஷன். தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.